இலவச மடிக்கணினியும் அடியில் இருக்கும் பூட்டும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூர் போன்ற ஊர்களில், அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படித்த பலரின் வீட்டுக்கு முதல் கணினி இப்படித்தான் வந்தது.

அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், அதாவது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007ல் வெளியிட்டது. அரசுப் பணத்தில் விண்டோஸ் எதற்கு என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு மென்பொருள் இருந்ததே, அது யாருடையது?

பயாஸ் என்னும் அஸ்திவாரம்

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும் நிரல். இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். பழைய கணினிகளில் இதன் பெயர் பயாஸ். இது விழித்தெழுந்த பிறகுதான் இயங்குதளத்துக்கே வேலை.

அஸ்திவாரம் ஆட்டம் கண்டால் என்ன ஆகும் என்று 1999 ஏப்ரல் 26ல் உலகம் பார்த்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் (செர்னோபில் என்றால் பலருக்கும் தெரியும்) அன்று பல கணினிகளின் பயாஸையே அழித்தது. விண்டோஸை மறுபடி நிறுவியும் பயனில்லை, கணினி உயிர் பெறவே இல்லை!

பூட்டு வந்தது, சாவி யாரிடம்?

பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்தது. 2012ல் விண்டோஸ் 8 உடன் செக்யூர் பூட் பரவலானது. நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டுமே ஃபர்ம்வேர் ஏற்றும். திருட்டு நிரல் முன்கூட்டியே நுழையாமல் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் போட்டு வந்த சாவி மைக்ரோசாஃப்டுடையது. அதனால் லினக்ஸ்காரர்களும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட 'ஷிம்' என்ற சிறு நிரலை வைத்தே உள்ளே நுழைய வேண்டியதாயிற்று.

பூட்டும் முழுப் பாதுகாப்பு தரவில்லை. ஃபர்ம்வேருக்குள்ளேயே ஒளிந்து கொள்ளும் லோஜாக்ஸ் 2018ல் பிடிபட்டது. 2020ல் லினக்ஸின் கிரப் நிரலில் இருந்த பூட்ஹோல் ஓட்டை செக்யூர் பூட்டையே தாண்ட வழி தந்தது. பாதுகாப்பையே நோக்கமாகக் கொண்ட க்யூப்ஸ் இயங்குதளம், எந்த மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும் என்று தனிப் பட்டியலே வைத்திருப்பது சும்மா இல்லை. 2023ல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு அடிப்படையிலான மாயாவுக்கு மாறுவதாகச் செய்தி வந்தது. இயங்குதளம் சொந்தமாகலாம், அடியில் இருக்கும் ஃபர்ம்வேர் கணினி நிறுவனம் தருவதுதானே?

பழைய மடிக்கணினியின் கதி

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும் செக்யூர் பூட் வசதியும் தேவை. ஆரம்பகால இலவச மடிக்கணினிகள் இந்தத் தகுதிக்கு முந்தியவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இலேசான லினக்ஸ் போட்டால் அவை இன்னும் ஓடும். ஆனால் ஃபர்ம்வேரில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க லினக்ஸால் முடியாது. தயாரித்த நிறுவனம்தான் அப்டேட் தர வேண்டும்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஃபர்ம்வேருக்கு எத்தனை ஆண்டு அப்டேட் கிடைக்கும்? மாணவர் விரும்பினால் தன் சொந்தச் சாவியைப் போட முடியுமா? வாங்கிய பின் கேட்டுப் பயனில்லை. டெண்டரிலேயே எழுதினால்தான் உண்டு.