சும்மா கிடந்த கணினிகள் செய்த சிரமதானம்

வாழைச்சேனையில், காகித ஆலைக்குப் போகும் வழியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலானவை கடிதம் அடிக்கவும், பில் போடவும், பிள்ளைகள் பாடம் பார்க்கவும் வாங்கப்பட்டவை. இந்த வேலைகளுக்குச் செயலியின் திறனில் சிறு பங்கே போதும். மிச்சம் நாள் முழுவதும் வீணே கிடக்கும். ஊரார் கூடிக் குளக்கட்டு போடும் சிரமதானம் போல, உலகெங்கும் வீணாகும் அந்த மிச்சத்தைத் திரட்டி விஞ்ஞானத்துக்குக் கொடுக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். அந்த நினைப்பின் வரலாறு எங்கள் கரைக்கும் உரியது.

1996 ஜனவரியில் ஜோர்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்க நிரலாளர், மிகப் பெரிய முதன்மை எண்களைத் தேடும் வேலையைத் தன்னார்வலர்களின் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஆனால் சாதாரண வீடுகளுக்குள் இந்த முறையைக் கொண்டுபோனது ‘செட்டி அட் ஹோம்’. 1999 மே 17ஆம் திகதி கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீற்றர் வானொலித் தொலைநோக்கி பதிவு செய்ததை நாடாக்களில் ஏற்றித் தபாலில் பெர்க்லிக்கு அனுப்புவார்கள். அங்கே அதை ஏறத்தாழ 350 கிலோபைட் துண்டுகளாக வெட்டுவார்கள். தொலைபேசி மோடமிலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும் அளவு அது. வீட்டுக் கணினி அந்தத் துண்டை மணிக்கணக்கில் அலசி, வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞை ஏதும் உண்டா என்று பார்த்து, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். ஒரே துண்டு ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போகும். விடைகள் ஒத்துவந்தால்தான் ஏற்பார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கணினியை நம்புவதற்கு அவர்கள் கண்ட வழி இது. ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் தனித்தனி மென்பொருள் என்றால் இந்த முறை பரவாது. அதை உணர்ந்த, செட்டி அட் ஹோமை நடத்திய டேவிட் அன்டர்சன், 2002இல் பெர்க்லியில் ‘பொயிங்க்’ என்ற பொதுத்தளத்தைக் கட்டத் தொடங்கினார். மூலநிரல் திறந்தது; எந்த ஆய்வுக்கூடமும் தன் கணக்கை அதன்மேல் ஏற்றலாம். 2004இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் காலநிலைக் கணிப்புத் திட்டம் அதற்கு மாறியது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் காலநிலைக் கணக்கு தூரத்து விஷயம் அல்ல.

அதே 2004 நவம்பர் 16ஆம் திகதி ஐபிஎம் நிறுவனம், இதே முறையில் தன்னார்வலர்களின் கணினிகளைத் திரட்டும் ‘வேர்ல்ட் கொமியூனிட்டி கிரிட்’ திட்டத்தை ஆரம்பித்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 26ஆம் திகதி, கல்குடா, பாசிக்குடா கரைகளில் சுனாமியாய்க் கடல் ஏறியது. அந்த நாட்களில் கொழும்பில் தன்னார்வ நிரலாளர்கள் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள் ஆகியவற்றின் விபரங்களைப் பதியும் ‘சகானா’ மென்பொருளை எழுதினார்கள். அடுத்த ஆண்டே அது பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. பொயிங்கில் இயந்திரம் தன் நேரத்தைக் கொடுக்கிறது. சகானாவில் மனிதர் கொடுத்தார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மனம்.

2007இல் வேர்ல்ட் கொமியூனிட்டி கிரிட்டில் டெங்கு மருந்துக்கான தேடல் தொடங்கியது. வைரஸின் புரதம் ஒன்றை முடக்கக்கூடிய மூலக்கூறுகளைக் கணினிகள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். நுளம்புக்குப் பயந்து வாழும் ஊரில் இருந்துகொண்டு இந்தத் தேடலை வேடிக்கை பார்க்க என்னால் முடியாது.

லினக்ஸில் பொயிங்கை நிறுவுவது எளிது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் ‘ஏபிடி’ கட்டளையால் பொயிங்க் கிளையண்ட், மனேஜர் பொதிகளை இறக்கினால் போதும். அது ‘பொயிங்க்’ என்ற பெயரிலேயே தனிப் பயனரை உருவாக்கி, தனக்கான அடைவில் தங்கிக்கொள்ளும். வீட்டாரின் படங்களும் கடிதங்களும் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. கணினி எழும்பியதும், யாரும் கடவுச்சொல் போடுவதற்கு முன்பே, பின்னணியில் இயங்கத் தொடங்கும். மனேஜரைத் திறக்கும்போது இணைய மறுத்தால் பயப்படத் தேவையில்லை. உங்கள் பயனர் பெயரை ‘பொயிங்க்’ குழுவில் சேர்த்து, வெளியேறி, மீண்டும் நுழையுங்கள். பிறகு ஒரு திட்டத்தைத் தெரிவுசெய்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்து இணைய வேண்டியதுதான்.

எங்கள் ஊருக்கு இந்த மென்பொருள் பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. நாள் முழுக்க இணையம் வேண்டியதில்லை. வேலையை வாங்கி வைத்துக்கொண்டு, கெடுத் திகதிக்குள் விடையைக் கொடுத்தால் சரி. கணக்கின் நடுவில் அவ்வப்போது நிலையை வன்தட்டில் எழுதி வைக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் நின்றதே, அப்படிப்பட்ட நாளிலும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடரலாம். வெக்கைக் காலத்தில் செயலியின் பயன்பாட்டைப் பாதியாகக் குறைத்து வைக்க அமைப்பு உண்டு. நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதும் அதுதான்: முதலில் விசிறியின் தூசியைத் தட்டுங்கள், பிறகு பாதித் திறனில் ஓடவிடுங்கள்.

திட்டங்கள் முடியும்; அறிவு நிற்கும். 2010இல் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ வழியாக, அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜேர்மனியில் ஒருவரின் கணினியும் அரெசிபோ தரவுகளில் துடிக்கும் விண்மீனான புதிய பல்சார் ஒன்றைக் கண்டுபிடித்தன. 2020 மார்ச் 31ஆம் திகதி செட்டி அட் ஹோம் வேலை கொடுப்பதை நிறுத்தியது. அதே வசந்தத்தில் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய மக்கள் திரண்டபோது, ‘போல்டிங் அட் ஹோம்’ அன்றைய எந்த மீகணினியையும் விடக் கூடுதலான கணிப்புத் திறனை எட்டியது. வீட்டுக் கணினிகளால் புரத வடிவங்களைக் கணித்த ‘ரொசெட்டா அட் ஹோம்’ திட்டத்தை நடத்திய ஆய்வுக்கூடத்தின் தலைவர் டேவிட் பேக்கர், புரத வடிவமைப்புக்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இது முற்றிலும் இலவசமான கொடை அல்ல, மின்கட்டணம் கூடும். பழைய பென்டியம் 4 கணினிகள் கரண்டை அதிகம் குடித்துக் கொஞ்ச வேலையே செய்யும், அவற்றை விட்டுவிடுங்கள். பாடசாலையானாலும் அலுவலகமானாலும் பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் நிறுவக்கூடாது. இவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டு, கணினிக் கூடம் நடத்தும் ஆசிரியர்களே, கடைக்காரர்களே, ஒரு கணினியிலாவது இதைத் தொடங்குங்கள். முடிவுகளைப் பொதுவில் வெளியிடும் திட்டமாகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறுவுங்கள். விஞ்ஞானத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.