பெயர் செதுக்கிய துவக்குகள்

நூறாண்டு கடந்த போர்த் துவக்கொன்று ஒருவர் கைக்கு வந்து சேர்கிறதென்று வைத்துக்கொள்வோம். குழலிலே கறள், மரக்கட்டையிலே எண்ணெய்ப் பிசுக்கு, கட்டையின் ஒரு பக்கத்தில் யாரோ கத்தி முனையாற் செதுக்கிய எழுத்துகள். அவர் கை முதலில் நாடுவது அரத்தாளையே. கட்டையைத் தேய்த்து மெருகிட்டு, குழலுக்குப் புதிய நீலமேற்றினால், நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்ததுபோல அது மின்னும். அப்படி மின்ன வைத்தல் துவக்கைப் பேணுவதாகுமா, அன்றி அதன் வரலாற்றை அழிப்பதாகுமா? இக்கேள்விக்கு விடைகாண, 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்கப் போரில் எதிரெதிர் நின்ற இரு துவக்குகளைப் பார்ப்போம். ஒன்று போயர்கள் ஏந்திய மவுசர். மற்றது ஆங்கிலேயர் ஏந்திய லீ-என்பீல்ட்.

இரண்டும் தாழ்த் துவக்குகள். கதவுத் தாழைப் போன்ற உருளையொன்று இவற்றின் உயிர்நிலை. அதன் கைபிடியை உயர்த்திப் பின்னே இழுத்தால் வெற்றுக்கோது வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த ரவை வெடியறைக்குட் புகும். கைபிடியைத் தாழ்த்தினால் தாழின் புடைப்புகள் தமக்குரிய பள்ளங்களிற் பொருந்தி இறுகும். யேர்மனியின் ஒபேண்டோர்வ் நகரத்துப் போல் மவுசர் இப்புடைப்புகளைத் தாழின் முன்முனையில், வெடியறைக்கு அணித்தாக வைத்தார். வெடியின் வேகத்தை அதன் வாசலிலேயே தாங்குவதால் பூட்டு மிக உறுதியானது. ஸ்கொத்லாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயோ அவற்றைப் பின்புறத்தில் வைத்தார். உறுதி சற்றுக் குறைந்தது. ஆனால் கைபிடி 60 பாகை திரும்பினாற் போதும். மவுசரில் 90 பாகை திருப்ப வேண்டும். ஆதலால் லீயின் தாழ் விரைந்து ஓடும்.

ஏட்டளவில் ஒப்பிட்டால் ஆங்கிலேயரின் துவக்கே மேலானதாகத் தோன்றும். அதன் கூட்டிலே பத்து ரவைகள். மவுசரின் கூட்டிலே ஐந்து. போர்க்களமோ வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. மவுசரின் ஐந்து ரவைகளும் மெல்லிய உலோகப் பட்டியொன்றிற் கோக்கப்பட்டிருந்தன. பட்டியைத் துவக்கின் மேல் வைத்துப் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஐந்தும் ஒருங்கே உள்ளிறங்கும். அன்றைய லீ-என்பீல்டிலோ பத்தையும் ஒவ்வொன்றாகவே இடவேண்டும். அதுமட்டுமன்று. கூட்டை மூடும் தகடொன்றும் அதிலிருந்தது; தகட்டை மூடி ஒற்றை ஒற்றையாக ரவையிட்டுச் சுடுவதும், கூட்டிலுள்ளவற்றை ஆபத்து வேளைக்கு ஒதுக்குவதும் படையின் முறை. ரவை வீணாகுமென்று அஞ்சிய கணக்கப்பிள்ளை யாரோ சொன்ன யோசனை போலும்!

திரான்ஸ்வால் அரசு போருக்கு முன்பே ஏறத்தாழ 37,000 மவுசர்களை வாங்கியிருந்தது. 1899 டிசம்பர் 11 அன்று மகர்ஸ்பொன்ரீனில் அதன் பயன் தெரிந்தது. போயர்கள் குன்றின் உச்சியில் இருப்பார்களென எண்ணி, ஆங்கிலப் பீரங்கிகள் முதல்நாள் பிற்பகலில் குன்றையே தாக்கின. போயர்களோ குன்றின் அடிவாரத்திற் குழிவெட்டி மறைந்திருந்தனர். இரவில் நடந்துவந்த ஹைலன்ட் படையணி விடியற் பொழுதில் அக்குழிகளுக்கு மிக அணித்தே அகப்பட்டது. புகையில்லா வெடிமருந்தாதலால், சுடுபவர் எங்கே என்று காணவும் இயலவில்லை. படைத்தலைவர் வோக்கோப் அங்கே மாண்டார். இத்தனையும் துவக்கின் திறமே என்பது பொருந்தாது. குதிரையும் வேட்டையுமாக வளர்ந்த கமக்காரரின் கண்ணும் கையும் அதிலே பாதி.

ஆங்கிலேயர் பாடத்தை மறக்கவில்லை. 30 அங்குலக் குழலை 25 அங்குலமாகக் குறைத்து, பட்டியால் ரவையிடும் வசதியையும் சேர்த்தனர். 1907 இல் வந்த அதன் மூன்றாம் வகையே முதல் உலகப் போரிற் புகழ்பெற்றது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடப் பயின்ற வீரர் கையில் லீயின் விரைந்த தாழ் தன் முழுப் பயனையும் காட்டிற்று. மவுசரிடம் தோற்ற துவக்கு மவுசரின் பட்டியைக் கடன்வாங்கியே உயர்ந்தது.

இனிப் பேணுதலுக்கு வருவோம். இறுகிய பழைய கொழுப்பை மண்ணெண்ணெயால் இளக்கலாம். மேற்கறளை எண்ணெய் தோய்ந்த மெல்லிய வெண்கல நாரினால் மெதுவாக எடுக்கலாம். உலர்ந்த கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் சிறிது போதும். குழலின் உட்புறத்துக் கறளுக்குத் தனிக் காரணம் உண்டு. அக்காலத்து ரவைகளின் தீமூட்டும் கலவையிற் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. வெடித்தபின் அது உப்பாகக் குழலிற் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். அதனாலேதான் ஆங்கிலப் படையினர் சுட்டு முடிந்ததும் குழலிற் கொதிநீர் ஊற்றினர். தாழின் எண்ணும் துவக்கின் எண்ணும் ஒன்றா என்பதையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தாழும் தன் துவக்குக்கென்றே பொருத்தப்பட்டது; இரவல் தாழ் அழகாயிருக்கலாம், பொருந்தாது.

கட்டையிலுள்ள எழுத்துகளோ தொடத் தகாதவை. போயர்களிற் பலர் தம் பெயரையோ பெயரின் முதலெழுத்துகளையோ மவுசரின் கட்டையிற் செதுக்கினர். ஒறேஞ்சு சுதந்திர நாட்டின் துவக்குகளில் ஓ.வி.எஸ். என்ற அரசு முத்திரை உலோகத்தில் இருக்கும். அது அரசின் அடையாளம். மரத்திலிருப்பது மனிதனின் அடையாளம். சரணடைந்தோர் ஒப்படைத்த துவக்குகள் பல தீயிலிடப்பட்டன. சில வென்றவர்களின் நினைவுப் பொருளாகக் கப்பலேறின. பெயருள்ள துவக்குக்கு விலை அதிகமென்பதால் இக்காலத்திற் போலிச் செதுக்கல்களும் உலவுகின்றன. எழுத்தின் பள்ளத்திலே கட்டையின் மற்றப் பகுதிகளைப் போன்றே பழைய அழுக்கும் எண்ணெயும் படிந்துள்ளனவா என்பது ஒரு சோதனை. அழுக்கைத் துடைத்துவிட்டாற் சாட்சியும் போயிற்று. என் கருத்தில், அரத்தாள் பட்ட துவக்கைவிடக் கறள் பட்ட துவக்கே மேல்; கறளை நிறுத்தலாம், போன எழுத்தை மீட்க முடியாது.

அந்தத் துவக்குகளை இழந்தவர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கைதிகளாக நம் நாட்டுக்கே வந்தனர். 1900 ஆகஸ்ட் முதல் தியத்தலாவையின் மலைக்குளிரில், முட்கம்பிக்குள், தகரக் கொட்டகைகளில் அவர்கள் வாழ்ந்தனர். துவக்கு இல்லாத கைகள் சும்மா இருக்கவில்லை. மரத்திலும் எலும்பிலும் கைத்தடி, பெட்டி, புகைக்குழாய் எனப் பல பொருள்களைச் செதுக்கின. அவற்றுட் சிலவற்றில், முன்பு மவுசரின் கட்டையிற் செய்தது போலவே, எழுத்துகளும் வெட்டியிருக்கின்றன: ஒரு பெயர், இலங்கை, 1901.