களரி, எழினி, சீன்: எங்கள் மேடையின் பெயர்கள்



நோபல் பார்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் பாடசாலையில் நாடகம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேடையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆங்கிலத்தில் அவர்களுக்குப் பெயர் தெரியும். 'ஸ்டேஜ் லெஃப்ட்' என்றால் பார்ப்பவரின் இடப்பக்கம் அல்ல, சபையைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடப்பக்கம் என்பதும் தெரியும். அதே பிள்ளைகளிடம் களரி என்றால் என்ன, எழினி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். பிள்ளைகளில் குற்றமில்லை. அந்தச் சொற்களை வீட்டில் நாங்கள் பாவிப்பதில்லை. பெயர் போனால் அதோடு வேறென்ன போகும் என்பதே இந்த மாத உரையின் கேள்வி.

முதலில் சிலப்பதிகாரத்துக்குப் போவோம். மாதவி அரங்கேறிய மேடையின் அளவுகளை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஒன்றுவிடாமல் தருகிறார். பொதிய மலை போன்ற புண்ணிய மலையில் வளர்ந்த மூங்கிலில் அளவுகோல் வெட்ட வேண்டும். பெருவிரல் அகலத்தில் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். மேடை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண்களுக்கு மேலே கிடத்தும் உத்தரப் பலகைக்கும் தரைப் பலகைக்கும் இடையே நான்கு கோல். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள்.

கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு அளவைக் கண்டால் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. பெருவிரலின் அகலம் இரண்டு சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒரு கோல் ஏறத்தாழ அரை மீற்றர். அப்படியானால் மாதவியின் மேடை நான்கு மீற்றருக்கு மூன்றரை மீற்றர் அளவில்தான் வரும். நோபல் பார்க் வீடுகளில் இரண்டு கார் விடும் கராஜுக்குள் அது அடங்கிவிடும்! காவியப் புகழ் பெற்ற அந்த அரங்கேற்றத்துக்கு அவ்வளவு இடம் போதுமாயிருந்தது.

அந்தச் சிறிய மேடையில் மூன்று திரைகள் இருந்தன. திரைக்கு அன்றைய பெயர் எழினி. இடப்பக்கத் தூணிலிருந்து உருவி இழுப்பது ஒருமுக எழினி. இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலே கட்டி மறைவாக வைத்து, வேண்டும்போது வெளிப்படுத்துவது கரந்துவரல் எழினி. பழைய உரையாசிரியர்களின் விளக்கம் இது. விளக்கு வைப்பதற்கும் ஒரு விதி இருந்தது. தூணின் நிழல் மேடையிலும் விழாமல், சபையிலும் விழாமல் புறத்தே போக வேண்டும். பார்ப்பவரின் கண்ணை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

அது அரசன் முன் ஆடிய மேடை. ஊர் மக்கள் தாங்களே போட்டுக்கொண்ட மேடை வேறு. மட்டக்களப்பில் அதன் பெயர் களரி, வட்டக்களரி. மண்ணைக் குவித்து வட்டமாக உயர்த்துவார்கள். சுற்றிவரக் கம்புகள் நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டுவார்கள். மின்சாரம் வருமுன் பந்தமும் எண்ணெய் விளக்குமே வெளிச்சம். அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் ஏடு பார்ப்பவரும் பிற்பாட்டுக்காரரும் களரிக்கு உள்ளேயே நிற்பார்கள். உடுப்புக் கட்டும் இடம் தள்ளியிருக்கும். ஆட்டக்காரர் அங்கிருந்து சனத்தின் நடுவால் வருவார். முதல் வரவில் இரண்டு பேர் ஒரு சேலையை அவருக்கு முன்னால் மறைத்துப் பிடிப்பார்கள். அந்தக் களரியில் திரை என்பது அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வட்டக்களரிக்கு முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இல்லை. நாலு பக்கமும் சனம். ஆகவே 'ஸ்டேஜ் லெஃப்ட்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. ஆட்டக்காரர் சுற்றி வந்து எல்லாப் பக்கத்துக்கும் ஆட வேண்டும். பார்ப்பவருக்கு ஆட்டக்காரரும் தெரிவார், அவருக்குப் பின்னால் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தன் ஊராரின் முகமும் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் பாணி தமிழ்நாட்டுக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. கூரை போட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த கொட்டகை. அதில் நடந்ததைக் கொட்டகைக் கூத்து என்றார்கள். முன்திரை, பக்கத்தட்டி என்று புதுப் பாகங்கள் சேர்ந்தன. தீட்டிய திரைக்குப் பெயர் 'சீன்'. அரண்மனைச் சீன், காட்டுச் சீன், தெருச் சீன். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆடிப் புகழ் பெற்றது இந்த இசை நாடக மரபில்தான்.

அந்தச் 'சீன்' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ஸ்கேனே என்றால் கூடாரம் அல்லது கொட்டில். நடிகர் உடை மாற்றுவதற்காக ஆடுகளத்தின் பின்னால் போட்டிருந்தது. ஆடுகளத்தின் பெயர் ஒர்கெஸ்ட்ரா, ஆடும் இடம் என்று பொருள். மூன்று பக்கமும் சனம் சூழ்ந்திருந்த அந்த இடமும் களரிக்குத் தூரத்துச் சொந்தம்தான். கிரேக்கரின் கொட்டில்தான் பல நூற்றாண்டுகள் சுற்றி எங்கள் கொட்டகைக்குள் சீனாக வந்து தொங்கியது.

1956 இல் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள மேடையை உலுப்பியது. அதற்கு அடிப்படையான நாடகம என்ற ஆட்டம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எங்கள் கூத்தையும் நகர மேடைக்குக் கொண்டுவர முன்வந்தார். 1962 இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 1968 இல் 'வாலி வதை'. விடிய விடிய ஆடியதைச் சுருக்கினார். வட்டத்தில் ஆடியதைப் படச்சட்டம் போன்ற மேடைக்காக ஒரு பக்கம் பார்த்து ஆட வைத்தார். படித்த சமூகம் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனால்தான். ஆனால் ஆட்டக்காரர் சபைக்கு முகம் காட்டத் திரும்பியபோது, சனம் ஒருவரையொருவர் பார்ப்பது நின்றுபோனது. இரண்டாயிரங்களில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் கூத்தைத் திரும்ப வட்டக்களரியிலேயே வைத்து மீளுருவாக்கம் செய்தார்கள். இரண்டு வழியும் வேண்டும் என்பதே என் எண்ணம்.

எங்கள் நிலைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வீடு வாசலை விட்டு வந்தவர்கள் மண்டபத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் களரி என்பது கொஞ்சம் மண், நாலு கம்பு, ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு, சுற்றிவரச் சனம். அது எங்கேயும் எழும்பும். பொங்கல் விழாவுக்கு மண்டபம் எடுத்தவுடன் கதிரைகளை மேடை பார்த்து வரிசையாக அடுக்குகிறோம். ஒருமுறை வட்டமாக அடுக்கி, நடுவில் பிள்ளைகளை ஆடவிட்டால் என்ன? செலவு ஒரு சதம் கூடாது.

ஆனால் அதற்குச் சொல் வேண்டும். களரி என்ற சொல் தெரியாத பிள்ளை வட்டத்தைக் கண்டால், மண்டபத்தில் மேடை இல்லை போலும் என்றுதான் நினைக்கும். மட்டக்களப்பார் சொன்ன பெயரையே முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடியவர்களோ, மன்னாரில் வாசாப்புப் போட்டவர்களோ, வட்டுக்கோட்டையில் ஆடியவர்களோ எல்லாப் பாகத்துக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் புத்தகத்தில் இல்லை. எங்கள் வீடுகளில் எழுபது, எண்பது வயதில் இருக்கும் அப்பப்பாமாரின், அம்மம்மாமாரின் வாயில்தான் இருக்கின்றன.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டு மூத்தவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். உங்கள் ஊரில் கூத்து ஆடிய இடத்துக்கு என்ன பெயர்? உடுப்புக் கட்டிய இடத்துக்கு என்ன பெயர்? மறைத்துப் பிடித்த துணிக்கு என்ன பெயர்? விளக்கை எதில் வைத்தார்கள்? சொல்லச் சொல்லக் கைத்தொலைபேசியில் அவர் குரலிலேயே பதிந்து, ஊர்ப் பெயரோடு எங்களுக்குத் தாருங்கள். வானொலியில் காட்டுவதற்குத் திரையும் இல்லை, விளக்கும் இல்லை. பெயரைச் சொன்னால்தான் நேயர் மனதில் மேடை எழும்பும். வரும் மாதங்களில் அந்தப் பெயர்களை ஊர் ஊராக ஒலிபரப்புவோம்.