முட்டிக்குள் வைக்கும் உயிரணு: அதற்கு என்ன வயது?

ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த முட்டி பழையபடி ஆகிவிடும் என்ற பேச்சு பட்டணத்தில் மட்டுமல்ல, தோட்டப்புறத்திலும் இப்போது அடிபடுகிறது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் முட்டியைத் தேய்த்துக்கொண்ட பெற்றோருக்காகச் சேமிப்பை எடுக்கத் தயாராக இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே வைக்கப்படும் உயிரணு எத்தனை வயது உடலிலிருந்து வந்தது என்பதும் பலனைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலத்தைத் தமிழில் குருத்தெலும்பு என்கிறோம். தென்னங்குருத்து என்று சொல்லும் அதே குருத்துதான். பெயரிலேயே இளமை இருக்கிறது. ஆனால் வளர்ச்சியில் இது குருத்தைப் போன்றதல்ல. இதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தோலில் காயம் பட்டால் இரத்தம் வந்து ஆற்றுகிறது. இங்கே அப்படி வர வழியே கிடையாது. 1743ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் லண்டனில், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது என்று எழுதி வைத்தார்.

அதை மாற்றிக் காட்ட முயன்றவர்கள் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள். நோயாளியின் முட்டியில் பாரம் தாங்காத ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுப்பார்கள். அதிலுள்ள உயிரணுக்களை ஆய்வகத்தில் சில வாரம் பெருக்கி, இரண்டாவது அறுவை சிகிச்சையில் பள்ளமான இடத்தில் வைப்பார்கள். 1987இல் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். 1994இல் வெளியான அவர்களின் அறிக்கையில் 23 பேர், வயது 14 முதல் 48 வரை. தொடை எலும்பு முனையில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. முட்டிச் சில்லில் செய்துகொண்ட 7 பேரில் இருவருக்கு மட்டுமே.

இந்த முறையில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. ஆகவே 50 வயதுக்காரருக்கு 50 வயது உயிரணுதான் கிடைக்கும். வயது ஏற ஏற இந்த உயிரணுக்கள் பிரிந்து பெருகும் வேகம் குறைகிறது. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் வந்து தட்டினாலும் முன்போல் எழுந்து வேலை செய்வதில்லை. குருத்தெலும்புக்கு வலுத் தரும் இரண்டாம் வகைக் கொலாஜனும், நீரைப் பிடித்துவைத்து அழுத்தம் தாங்கும் அக்ரிகனும் குறைவாகவே உருவாகின்றன. ஆய்வகத் தட்டில் அதிக முறை பெருக்கினால் இன்னொரு தொல்லை: உயிரணு தன் குணம் மறந்து, தழும்புத் திசுவை உண்டாக்கும் உயிரணுபோல் மாறத் தொடங்கும். இது இளையவர் உயிரணுவுக்கும் நேரக்கூடியதே.

சரி, இளையவரின் உயிரணுவையே எடுத்தால் என்ன? அதுவும் நடக்கிறது. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டு இறந்துபோன பிள்ளைகளின் தானக் குருத்தெலும்பைப் பொடியாக நறுக்கி வைக்கும் முறை உண்டு. இரத்தக் குழாய் இல்லாத திசு என்பதால் உடல் அதை அவ்வளவாக எதிர்ப்பதில்லை. தென்கொரியா 2012இல் அனுமதித்த கார்டிஸ்டெம், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்த உயிரணுவிலிருந்து தயாராகிறது. இதைவிட இளைய கொடையாளி கிடையாது!

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வு ஒன்று இன்னும் சுவையானது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2010இல் 72 நோயாளிகளை ஒப்பிட்டது. 36 பேருக்கு அவர்களின் குருத்தெலும்பு உயிரணு. 36 பேருக்கு அவர்களின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல். மொத்தப் பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் குருத்தெலும்பு உயிரணு பெற்றவர்களில் 45 வயதுக்குட்பட்டவர்கள் மூத்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். மஜ்ஜை உயிரணு பெற்றவர்களிடம் அந்த வயது வித்தியாசம் தெரியவில்லை. 36 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுமல்ல. இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் எந்த உயிரணு என்ற கேள்வி, எத்தனை வயது என்ற கேள்வியோடு சேர்ந்தே கேட்கப்பட வேண்டியது என்பது இதில் தெரிகிறது.

பெரியவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. மேற்கண்ட சிகிச்சைகளில் பல, விளையாட்டிலோ விபத்திலோ ஓரிடத்தில் ஏற்பட்ட பள்ளத்துக்காக வந்தவை. அறுபதைத் தாண்டிய முட்டியில் பள்ளம் மட்டும் இருப்பதில்லை. குருத்தெலும்பு முழுப் பரப்பிலும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலையும் வரலாம். அங்கே நடும் உயிரணு எவ்வளவு இளமையானாலும் ஊன்ற நல்ல நிலம் இல்லை. அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற மாசி என்ற முறையின் குறிப்பிலேயே, 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதன் பலனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று எழுதப்பட்டுள்ளது.

ஆகவே கிளினிக்கில் விலை கேட்பதற்கு முன், இது யாருடைய உயிரணு, கொடுத்தவரின் வயது என்ன, என் முட்டியில் இருப்பது பள்ளமா முழுத் தேய்மானமா என்று கேளுங்கள். மலேசியாவில் அந்தப் பொருள் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவு பெற்றதா என்பதையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அரசு மருத்துவமனை எலும்பு நிபுணரிடம் எக்ஸ்ரே படத்தோடு சேர்த்துக் காட்டுங்கள்.