தேர்ந்தெடுத்தவர் மீதான தீர்ப்பு: சாரா பேலினும் 2008ஆம் ஆண்டு எதிர்வினைகளும்

2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் தோற்றதற்குச் சாரா பேலின்தான் காரணம் என்ற கருத்து இன்று ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்குகிறது. அதை அப்படியே ஏற்க இயலாது. பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்த நாள்முதல் எழுந்த எதிர்வினைகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், அவை இருவேறு பொருள்களைப் பற்றியவை என்பது புலப்படும். முதல் வாரத்தில் பேசியவர்கள் பேலினின் அடையாளத்தைப் பற்றிப் பேசினார்கள். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் பேசியவர்கள் மெக்கெய்னின் முடிவெடுக்கும் திறனை எடைபோட்டார்கள். குடியரசுக் கட்சிக்கு ஊறு செய்தது இந்த இரண்டாவது விசாரணையே என்பது என் வாதம்.

ஆகஸ்ட் 28 இரவு டென்வர் விளையாட்டரங்கில் ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா வேட்பாளர் ஏற்புரை நிகழ்த்தினார். மறுநாள் நாடே அவ்வுரையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஆனால் அன்று காலை, தம் 72ஆம் பிறந்த நாளில், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், 44 வயதான அலாஸ்கா ஆளுநர் பேலினை மெக்கெய்ன் மேடையேற்றினார். பலரும் எதிர்பார்த்திருந்தது அவர் கட்சியின் மிட் ராம்னியை அல்லது டிம் பாலென்டியை. மெக்கெய்னின் மனம் நாடியதோ ஜோ லிபர்மனை. 2000இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் அவர். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரும்கூட. அவரை நிறுத்தினால் கட்சி மாநாட்டிலேயே கலகம் மூளும் என்று ஆலோசகர்கள் தடுத்தபோது கையில் இருந்த நாட்கள் மிகச் சில. பேலினை மெக்கெய்ன் அந்த ஆண்டு பிப்ரவரியில், ஆளுநர்கள் வாஷிங்டனில் கூடியபோது, சிறிது நேரம் சந்தித்திருந்தார். ஆகஸ்ட் 24 அன்று தொலைபேசியில் பேசினார். 28ஆம் தேதி அரிசோனாவில் தம் பண்ணை வீட்டுக்கு வரவழைத்துப் பேசி, அன்றே முடிவு செய்தார்.

இந்தத் தேர்வு பற்றிய ரகசியம் கடைசிவரை காக்கப்பட்டது. அதன் விலையைக் கொடுத்தவர் பேலின். 2006 டிசம்பரில்தான் அவர் ஆளுநரானார். அதற்கு முன் வஸில்லா என்ற சிற்றூரின் மேயராக இருந்தவர். நாட்டுக்குப் பழக்கமில்லாத ஒருவரைப் பற்றி அன்று மாலைக்குள் கருத்துச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில், பார்த்தவுடன் தெரிந்த அடையாளங்களே கருத்தாக உருவெடுத்தன. முன்பு மெக்கெய்னுக்கு வாக்களிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த ஜேம்ஸ் டாப்சன் போன்ற சமயப் பழமைவாதிகள் உடனே மனம் மாறினார்கள். ஒபாமா அணியின் பேச்சாளர் சிற்றூர் மேயர் என்பதைச் சுட்டி இகழ்ந்தார்; சில மணி நேரத்தில் ஒபாமா அத்தொனியிலிருந்து விலகி வாழ்த்துச் சொன்னார். ஹிலாரி கிளிண்டன் இது வரலாற்றுச் சிறப்புடைய தேர்வு என்று பாராட்டினார். பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனமோ பெண் என்பது மட்டும் போதாது என்று எதிர்த்து எழுதினார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பேலின் இந்தப் பதவியை எப்படிச் சுமப்பார் என்றும் சிலர் கேட்டார்கள். அதே ஆண்டில் இரண்டு சிறு மகள்களுக்குத் தந்தையான ஒபாமாவிடம் அக்கேள்வியை எவரும் வைக்கவில்லை. இந்த அநீதியை, பேலினின் கொள்கைகளை முற்றாக மறுப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த முதல் அலை மெக்கெய்னுக்கு நன்மையே செய்தது. செப்டம்பர் 3 அன்று செயின்ட் பால் மாநாட்டில் பேலின் ஆற்றிய உரையை 3.7 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அடுத்த சில நாட்களில் கேலப் கருத்துக்கணிப்பில் மெக்கெய்ன் ஒபாமாவை முந்தினார். தோல்விக்குக் காரணம் பேலினின் அடையாளம் என்பவர்கள் இந்த ஏற்றத்தை விளக்க முடியாது.

திருப்பம் செப்டம்பரின் நடுவில் வந்தது. 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் நிதி நிறுவனம் திவாலானது. நெருக்கடியில் யார் நிதானமாக முடிவெடுப்பார் என்பதே தேர்தலின் கேள்வியாயிற்று. அதே மாத இறுதியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் கேட்டி கூரிக் நடத்திய நேர்காணலில், எந்தெந்தச் செய்தித்தாள்களைப் படிக்கிறீர்கள் என்ற எளிய கேள்விக்குக்கூடப் பேலினால் பெயர் சொல்ல முடியவில்லை. அவர் விலக வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் பழமைவாத எழுத்தாளர் கேத்லீன் பார்க்கர் என்பது கவனத்துக்குரியது. அக்டோபர் 19 அன்று ஒபாமாவை ஆதரித்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் இன்னும் தெளிவாகப் பேசினார். பேலின் அதிபர் பொறுப்புக்கு ஆயத்தமாக இல்லை என்றார். அதனால் மெக்கெய்னின் மதிப்பீட்டுத் திறன் மீதே தமக்கு ஐயம் எழுவதாகவும் சொன்னார். குற்றச்சாட்டு யாரை நோக்கித் திரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்படித் திரும்பியதற்குப் பதவியின் இயல்பிலேயே காரணம் உண்டு. ஒரு காலத்தில் துணை அதிபர் வேட்பாளரைக் கட்சி மாநாடே தேர்ந்தெடுத்தது. 1940இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஹென்றி வாலஸ்தான் வேண்டும் என்று வற்புறுத்தி வென்றபின் அவ்வதிகாரம் அதிபர் வேட்பாளரிடம் நகர்ந்தது. 1956இல் அட்லாய் ஸ்டீவன்சன் அதை மாநாட்டின் கையில் விட்டது விதிவிலக்கு. எனவே அதிபராக வேண்டியவர், வாக்காளர் கண்முன், தனியொருவராக எடுக்கும் முதல் பெரிய முடிவு இதுவே. அதிபர் மறைவாலோ விலகலாலோ இதுவரை ஒன்பது துணை அதிபர்கள் அதிபராகியிருக்கிறார்கள். தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 72 வயது வேட்பாளர் விஷயத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. போதாக்குறைக்கு, ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்பதே மெக்கெய்னின் முதன்மைப் பிரசாரம். அந்த ஆயுதத்தை அவரே மழுங்கடித்தார்.

1972ஆம் ஆண்டுத் தேர்தலும் இதையே காட்டுகிறது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் துணை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்று தெரியவந்தது. ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்பதாகச் சொன்ன மெக்கவர்ன், சில நாட்களில் அவரை விலகச் செய்தார். வாக்காளர் தண்டித்தது யாரை? மெக்கவர்ன் 49 மாநிலங்களை இழந்தார். ஈகிள்டனை மிசௌரி மக்கள் 1974இல் மீண்டும் செனட்டுக்கு அனுப்பினார்கள். மெக்கவர்னின் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான்; ஆயினும் பழி எங்கே தங்கியது என்பது தெளிவு. துணை வேட்பாளரின் நேரடிச் செல்வாக்கு சிறிது, தேர்ந்தெடுத்தவரைப் பற்றி அத்தேர்வு உணர்த்துவதே பெரிது என்று கிறிஸ்டோஃபர் டிவைனும் கைல் காப்கோவும் தம் ஆய்வில் நிறுவுவதும் இதற்கு இணங்குகிறது.

வாக்கு நாள் கருத்துக்கணிப்பில் பத்தில் ஆறு பேர் பேலினுக்கு அதிபராகும் தகுதி இல்லை என்றார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அத்தகுதியைச் சோதித்தறியும் கடமை வாக்காளருக்கு முன்பே மெக்கெய்னுக்கு இருந்தது. அதற்கு அவர் ஒதுக்கியது ஒரு வாரத்துக்கும் குறைவு. பெண்களில் 56 சதவீதத்தினர் ஒபாமாவுக்கே வாக்களித்ததும், அடையாளத்தைக் காட்டி வாக்கை ஈர்க்கலாம் என்ற கணக்கு பிழைத்ததையே காட்டுகிறது. 2018இல் வெளிவந்த தம் கடைசி நூலில் மெக்கெய்ன், லிபர்மனை நிறுத்தாதது தம் தவறு என்று வருந்தினார். பேலின் மீது பழி சுமத்தவில்லை.