இரண்டாம் பிலிப்பும் ஆறாம் ஃபெலிப்பேயும்: ஆங்கிலத்தில் அரசர் பெயர்கள்

ஸ்பெயினின் இன்றைய மன்னர் 2014இல் அரியணை ஏறியபோது ஆங்கில ஏடுகள் அவரை ஆறாம் ஃபெலிப்பே என்றே எழுதின. 1588இல் இங்கிலாந்தின்மீது அர்மடா கடற்படையை ஏவிய மன்னரோ அதே ஆங்கிலத்தில் இன்றும் இரண்டாம் பிலிப்தான். ஸ்பானிய மொழியில் இருவர் பெயரும் ஒன்றே. இந்த வேறுபாட்டைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. இரண்டு காலங்களின் பெயர் வழக்கு இங்கே அருகருகே நிற்கிறது.

இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் அரசாணையும் நாணயமும் பெரும்பாலும் லத்தீனில் அமைந்தன. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில் இங்கிலாந்து மன்னர் ஜான் தம்மை யொஹான்னெஸ் என்றே குறிக்கிறார். அரசனுக்கு ஆவணத்தில் ஒரு லத்தீன் பெயர். அதை அந்தந்த நாட்டார் தம் நாவுக்கேற்ப வழங்கினர். ஆகவே பிலிப்புஸ் என்பவரைப் பிலிப் என்று எழுதிய ஆங்கிலேயர் அயலான் பெயரை மாற்றியதாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அர்மடாவை ஏவிய பிலிப்புக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 1554இல் இங்கிலாந்து அரசி மேரியை மணந்த அவர், மேரி இறக்கும்வரை அந்நாட்டின் அரசராகவும் இருந்தார். அக்காலச் சட்டங்கள் ‘பிலிப்–மேரி’ ஆட்சியின் பெயராலேயே குறிக்கப்படுகின்றன.

அவருடைய தந்தை ஐந்தாம் சார்லஸின் பெயர் இன்னும் சிக்கலானது. 1500இல் கென்ட் நகரில் பிறந்து, பிரெஞ்சு பேசும் அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர் அவர். கொள்ளுத்தாத்தாவான பர்கண்டிக் கோமகன் சார்லஸின் பெயரே அவருக்கு இடப்பட்டது. 1516 முதல் ஸ்பெயினில் முதலாம் கார்லோஸ். 1519இல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் ஜெர்மானியருக்கு ஐந்தாம் கார்ல். டச்சு மொழியில் காரெல். இவற்றுள் ‘சொந்தப் பெயர்’ எது? அரசர்களை அவரவர் தாய்மொழிப் பெயரால்தான் அழைக்க வேண்டும் என்று வற்புறுத்துவோர் இங்கே தடுமாறியே தீர வேண்டும். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கும் பிரெஞ்சு மோகத்தால் ஜெர்மன் வடிவத்தை விட்டு ‘ஃபெடெரிக்’ என்று கையொப்பமிட்டவர்தான்.

மாற்றம் ஒரே சீராக நடக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பிரெஞ்சு மன்னர்கள் லூயிகள் அல்லர், லூயிஸ்கள். டேவிட் ஹியூமின் இங்கிலாந்து வரலாற்றில் அப்படித்தான் வருகிறது. பதினான்காம் லூயியின் காலத்தைப் பற்றிய வால்டேரின் நூல் 1752இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அதன் தலைப்பிலும் அதே வடிவம். பின்னர் பிரெஞ்சு எழுத்து முறையே நிலைத்தது. ஆனால் ஹென்றியும் பிலிப்பும் அப்படி மாறவில்லை. பிரான்சின் நான்காம் ஹென்றி ஆங்கிலத்தில் இன்றும் பெரும்பாலும் ஹென்றிதான்.

தெளிவான திருப்பத்தை இத்தாலிய அரச குடும்பத்தில் காணலாம். 1900 ஜூலையில் மோன்சா நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட மன்னரை ஆங்கில நாளேடுகள் ஹம்பர்ட் என்று எழுதின. அதே பெயருடைய பேரன் 1946இல் சில வாரங்களே ஆண்டார். அவர் உம்பெர்த்தோ ஆகிவிட்டார். இடையில் ஆண்ட விக்டர் இம்மானுவேல் மட்டும் ஆங்கில வடிவிலேயே தங்கிவிட்டார். ஜெர்மனியின் கடைசிப் பேரரசரும் வில்லியமிலிருந்து மெல்ல வில்ஹெல்ம் ஆனார். நம் பாடநூல்களில் அவர் கெய்சர் வில்லியமாக நுழைந்தது பழைய ஆங்கில வழக்கின் வழியேதான். 1975இல் ஹுவான் கார்லோஸ் அரசரானபோது அவரை ஜான் சார்லஸ் என்று எழுத ஆங்கில ஏடுகள் முனையவில்லை.

லத்தீன் பொதுமொழியாக இருந்த நிலை மறைந்ததே இதற்கு முதற்காரணம் என்பது என் கருத்து. போப்பாண்டவர்களின் பெயர்கள் இதற்குச் சான்று. 2013இல் பிரான்சிஸ், 2025இல் பதினான்காம் லியோ என அவை இன்றும் மொழிக்கு மொழி உருமாறுகின்றன; திருச்சபையில் லத்தீன் இன்னும் வழக்கில் இருக்கிறது. அரசர்களோ ஒவ்வொரு தேசத்துக்கு உரியவர்களாகிவிட்டார்கள். ஆயினும் எல்லா மொழிகளும் ஆங்கிலத்தின் வழியில் செல்லவில்லை. பிரிட்டனின் மூன்றாம் சார்லஸை ஸ்பானிய ஏடுகள் மூன்றாம் கார்லோஸ் என்றே எழுதுகின்றன.

பழைய வடிவங்களை முற்றாக ஒழிக்க வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1336 முதல் 1387 வரை அரகோன் முடியாட்சியை ஆண்டவரைப் பாருங்கள். அரகோனியக் கணக்கில் அவர் நான்காம் பெத்ரோ. கத்தலோனியக் கணக்கில் மூன்றாம் பெரே. பெயரோடு எண்ணும் மாறுகிறது. எந்த வடிவத்தை எடுத்தாலும் இன்றைய அரசியல் பூசலில் ஒரு பக்கம் சாய்ந்ததாகவே படும். ஆங்கிலத்தின் ‘பீட்டர்’ இரு தரப்புக்கும் உரியதன்று என்பதாலேயே அது ஆய்வாளருக்கு உதவுகிறது. ஆனால் எண்ணின் சிக்கல் அப்போதும் தீராது. சடங்கு முறைகளில் அவருக்கிருந்த பற்றால் வந்த பட்டத்தைச் சேர்த்து, எண்ணை விட்டுவிட்டு, ‘சடங்குப் பிரியர் பீட்டர்’ என்று எழுதுவதே இரு கணக்குகளுக்கும் முரணில்லாத வழி.