நிறுக்க முடியாத மருந்து – 7: பேக்கரியில் ஒரு முத்திரைப் படி

போன வாரம் உங்களை ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் மருந்து ஆலை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். 1894 ஆகஸ்ட். தொண்டை அடைப்பானுக்கு எதிரான குதிரை சீரம் முதன்முதலாகப் புட்டிகளில் விற்பனைக்கு வருகிறது. அடுத்த மாதமே புடாபெஸ்ட் மாநாட்டில் பாரிஸ் மருத்துவர் எமில் ரூ எழுந்து கணக்கு சொன்னார். இந்த நோயோடு வந்த குழந்தைகளில் பாதிக்குப் பாதி செத்துக்கொண்டிருந்த மருத்துவமனையில், சீரம் போட ஆரம்பித்தபின் சாவு நாலில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. பெரிய பெரிய பேராசிரியர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்து கூச்சல் போட்டார்களாம்.

கூச்சல் அடங்கி ஊருக்குத் திரும்பிய டாக்டருக்கு வேறு கவலை. மூச்சுக்குத் திணறும் குழந்தை முன்னால் கிடக்கிறது, ஊசியும் கையில் இருக்கிறது. எவ்வளவு ஏற்றுவது?

குயினைன் என்றால் தராசில் நிறுத்துக் கொடுத்துவிடலாம். இது குதிரையின் ரத்தம் உறைந்தபின் மேலே தேங்கும் வைக்கோல் நிறத் தண்ணீர். ஒரு குதிரையின் சீரம் சில துளியிலேயே வேலை செய்யும். பக்கத்துக் கொட்டில் குதிரையின் சீரம் புட்டி புட்டியாகப் போட்டாலும் கேட்காது. நிறம், மணம், எடை எல்லாம் ஒன்றுதான். வீரியம் மட்டும் வேறு.

இந்தச் சீர மருத்துவத்தை உருவாக்கிய ஜெர்மன் மருத்துவர் பெரிங் கையில் ஒரு வழி இருந்தது. 250 கிராம் எடையுள்ள கினிப் பன்றியை நாலு நாளில் கொல்ல இந்த நோய்க் கிருமியின் நஞ்சு எவ்வளவு வேண்டுமோ, அது ஒரு 'சாவு அளவு'. அப்படி நூறு சாவு அளவை முறிக்கும் சீரத்துக்கு ஒரு யூனிட் என்று பெயர். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைக் கொட்டிலில் செய்து பார்த்தபோதுதான் தலைவலி தொடங்கியது. ஒரே சீரத்துக்கு இந்த மாதம் ஒரு கணக்கு, மூன்று மாதம் கழித்து இன்னொரு கணக்கு.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க வந்தவர் பால் எர்லிக். வாயில் சுருட்டு, அக்குளில் சுருட்டுப் பெட்டி, பையில் கலர் பென்சில்கள். காகிதம் கிடைக்காவிட்டால் சட்டைக் கை மடிப்பிலேயே படம் போட்டு விளக்குவார். 1896-ல் பெர்லினை ஒட்டிய ஸ்டெக்லிட்ஸில் சீரம் சோதனைக்கென்று அரசு அவருக்கு ஒரு நிலையம் கொடுத்தது. நிலையம் என்று நான்தான் மரியாதையாகச் சொல்கிறேன். பாழடைந்த பேக்கரி ஒன்று, அதோடு ஒரு குதிரை லாயம், அவ்வளவே. எர்லிக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

சீரத்தை விட்டுவிட்டு அவர் முதலில் சந்தேகப்பட்டது நஞ்சை. பழைய நஞ்சை எடுத்துப் பார்த்தார். கொல்லும் சக்தி பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனால் அதை முறிக்க, புதிதில் எவ்வளவு சீரம் வேண்டியிருந்ததோ அவ்வளவே இப்போதும் வேண்டியிருந்தது. இது எப்படி? எர்லிக் சொன்ன விளக்கம் இது: நஞ்சின் ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு கை. ஒன்று பிடிக்கிற கை, மற்றது கொல்கிற கை. நாளாக ஆக, கொல்கிற கை சூம்பிவிடுகிறது. பிடிக்கிற கை அப்படியே இருக்கிறது. கொல்லாத அந்தத் துகளும் சீரத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிக் கை சூம்பிய நஞ்சுக்கு அவர் டாக்சாய்டு என்று பெயர் வைத்தார். நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசிக்குள் இருப்பது அதன் வாரிசுதான். அந்தக் கதைக்கு இன்னும் சில வாரம் பொறுங்கள்.

படி மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தால் நெல்லை அளந்து என்ன பயன்? எர்லிக் படியையே மாற்றினார். நஞ்சை நம்ப முடியாது. மருந்தையே படியாக வைத்துவிடலாம். 1897-ல் அவர் வெளியிட்ட முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நல்ல சீரம் ஒன்றைத் தூளாக உலர்த்தி, கண்ணாடிக் குழாயில் போட்டு, ஈரத்தை உறிஞ்ச பாஸ்பரஸ் பென்டாக்சைடு வைத்து, காற்றை முழுக்க இழுத்துவிட்டு, குழாயின் வாயைத் தீயில் உருக்கி மூடினார். பிறகு இருட்டிலும் குளிரிலும் வைத்தார். நம் ஊர் மளிகைக் கடையில் சர்க்கார் முத்திரை குத்திய படி இருக்கும் அல்லவா, அதுபோல இது சீரத்துக்கு முத்திரைப் படி.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். குழாயை உடைத்து, அந்தத் தூளைக் கிளிசரின் கலந்த நீரில் கரைத்து, சரியாக ஒரு யூனிட் எடுக்கிறார்கள். அதோடு நஞ்சைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்து, ஒவ்வொரு கலவையையும் ஒரு கினிப் பன்றிக்கு ஏற்றுகிறார்கள். எந்தக் கலவையில் அது சரியாக நாலாம் நாள் சாகிறதோ, அதிலிருந்த நஞ்சுதான் சோதனை அளவு. இனி, ஆலையிலிருந்து வந்த புதுச் சீரத்தை வெவ்வேறு அளவில் நீர்த்து, அதே நஞ்சோடு கலந்து, மறுபடி கினிப் பன்றிகள். சீரம் கூடினால் விலங்கு பிழைத்துவிடும், குறைந்தால் நாலாம் நாளுக்கு முன்பே போய்விடும். நாலாம் நாள் கணக்குக்குச் செத்த விலங்குக்குப் போன துளியில்தான் ஒரு யூனிட் இருக்கிறது. குரூரமான தராசு, ஆனால் அன்று உலகத்தில் வேறு தராசு கிடையாது. இன்சுலின் புட்டியில் '40 ஐ.யு.' என்று பார்க்கிறீர்களே, எடையைச் சொல்லாமல் யூனிட்டைச் சொல்லும் அந்த வழக்கம் வேர்விட்டது இந்தப் பேக்கரியில்.

பெரிங்குக்கும் எர்லிக்குக்கும் சீரம் விற்ற லாபப் பங்கில் மனக்கசப்பு வந்தது. நோபல் 1901-ல் பெரிங்குக்குக் கிடைத்தது. எர்லிக் 1908 வரை காத்திருந்தார். அது தனிக் கதை.

ஜெர்மனியில் அரசுச் சோதனையில் தேறாத சீரம் கடைக்கு வராது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்? அமெரிக்காவில் அன்று சீரத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விற்கலாம். நாடு முழுவதற்கும் பொதுவான சோதனைச் சட்டம் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரச் சுகாதாரத் துறை தன் சீரத்தைத் தானே தயாரித்துக்கொண்டது. அதற்கு ரத்தம் கொடுத்துவந்தது முன்பு வண்டி இழுத்த குதிரை ஒன்று. அதன் பெயர் ஜிம். மூன்று ஆண்டில் அது தந்த சீரம் 28 லிட்டருக்கு மேல்.

1901 அக்டோபர் 2 அன்று ஜிம்முக்கு ரண ஜன்னி என்று தெரிந்தது. குதிரையைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 30 அன்று, ஜிம்மிடமிருந்து கடைசியாக ஒருமுறை ரத்தம் எடுத்திருந்தார்கள். அந்த சீரம் புட்டிகளில் ஏறி நகரத்து டாக்டர்களிடம் போய்ச் சேர்ந்தது.

சில புட்டிகளின் லேபிளில் இருந்த தேதி: ஆகஸ்ட் 24.

(தொடரும்)